படத்துக்காக முடி அலங்கரிப்பது: செந்தூலிலிருந்து கேட்ட பயிற்சி மாணவருக்கு ஒரு பதில்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு முடியலங்கார நிலையத்தில் எட்டு மாதங்களாகப் பயிற்சி பெற்று வரும் நீங்கள் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால் எளிய கேள்வி. கற்பனை நயமுள்ள புகைப்படப்பிடிப்பு ஒன்றை நீங்களே திட்டமிட்டு நடத்த வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார்; கையில் மூன்று மாடல்கள், ஒரு நாள், 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), படமெடுக்க ஒரு நண்பர்; 'காடு' என்ற கருப்பொருள் மனத்தில் இருக்கிறது; எந்த அலங்காரங்களைச் செய்யலாம், என்னென்ன வாங்க வேண்டும்? ஆனால் கேள்வியின் கடைசி வரியில், "பொம்மைத் தலையில் செய்யும்போது எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்தால் கறுப்புக் குவியலாகத் தெரிகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எந்த அலங்காரம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். கண்ணுக்குத் தெரிவது படத்துக்குள் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு சிறிய சலூனில் தரை கூட்டவும் துண்டு துவைக்கவும் தொடங்கி, இந்தத் தொழிலில் 22 ஆண்டுகளைக் கடந்திருக்கிறேன். கோலாலம்பூருக்கு வந்த பிறகு மணப்பெண் அலங்காரமே எனக்குச் சோறு போடுகிறது. இடையிடையே விளம்பரங்களுக்கும் ஆடைக் கடைகளின் பட்டியல் படங்களுக்கும் முடி அலங்கரித்திருக்கிறேன். வெளிநாட்டு ஆடையணி மேடைகளில் நான் வேலை செய்ததில்லை. ஆகவே முடியின் தன்மை, இந்த ஊர்க் காற்று, ஒளி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்; ரசனையைப் பற்றி நான் சொல்வது என் பழக்கம் மட்டுமே, அதை நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

கறுப்புக் குவியல் விவகாரத்துக்கு வருகிறேன். என் முதல் படப்பிடிப்பு பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் உட்கார்ந்து, தலையைச் சுற்றி மகுடம்போல் ஏழு பின்னல்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு மாடலைக் கரும்பச்சைச் சுவர் ஒன்றின் முன்னால் நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து மட்டும் ஒரு விளக்கைப் போட்டுப் படமெடுத்தோம். படங்கள் வந்தபோது அந்தப் பெண் கறுப்புத் தொப்பி அணிந்திருந்ததுபோல் இருந்தது. ஏழு பின்னலில் ஒன்றுகூடத் தெரியவில்லை. படமெடுத்தவர் மீது பிழை இல்லை. பின்னணி என்ன நிறம், விளக்கு எந்தப் பக்கம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

காரணம் இதுதான். நம்மவர்களின் கருமுடி தன் மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். படத்தில் நாம் 'முடி' என்று காண்பது பெரும்பாலும் முடியின் நிறத்தை அன்று. அதன் வழவழப்பான மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்புக் கோடுகளைத்தான். பின்னலின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வெள்ளிக் கோடு விழுந்தால் பின்னல் தெரியும். விழாவிட்டால் அது வெறும் கருமை. இரண்டு கண்களால் பார்க்கும்போது ஆழம் நமக்குத் தானாகவே புலப்படுகிறது, நாம் தலையைச் சற்று அசைத்தும் பார்த்துக்கொள்கிறோம்; கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் அசையாத கண். ஆகவே ஆழத்தை ஒளியால்தான் காட்ட முடியும். உங்கள் நண்பரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: மாடலின் பின்புறத்திலிருந்தோ பக்கவாட்டில் சற்று உயரத்திலிருந்தோ முடிக்கென்று தனியாக ஒரு விளக்கு வேண்டும், பின்னணி முடியைவிடத் தெளிவாக வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும், அல்லது கரும்பின்னணியே வேண்டுமென்றால் முடியின் விளிம்பு முழுவதும் அந்தப் பின்விளக்கின் கோடு விழ வேண்டும். கூடுதல் விளக்கு இல்லையென்றால் பக்கவாட்டுச் சன்னல் ஒன்றே போதும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தால் நிழற்பக்கம் மூழ்கிவிடாது. அட்டை எந்தப் புத்தகக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் உடையது. முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கும் முன்நெற்றி முடியும் பெரிதாகி, பின்னால் இருக்கும் கொண்டை சிறுத்துவிடும். பொம்மைத் தலையில் சோதிக்கும்போது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்துப் படமெடுங்கள். பிறகு அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகும் வடிவம் நிற்கிறதா என்பதற்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது. ஓர் அலங்காரம் கறுப்பு வெள்ளையில் வெறும் உருண்டையாகத் தெரிந்தால், அதற்குப் பூவோ நகையோ எவ்வளவு சேர்த்தாலும் அது பூச் சொருகிய உருண்டைதான்.

இதிலிருந்துதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி பிறக்கிறது. மணப்பெண்ணுக்குச் செய்யும் அலங்காரம் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், நான்கு பக்கமும் அழகாக இருக்க வேண்டும், மாமியார் பின்னாலிருந்து பார்ப்பார். படத்துக்குச் செய்யும் அலங்காரம் ஒரு பக்கத்திலிருந்து, சில நிமிடங்களுக்கு, ஒரே ஒரு கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும். அந்தக் கண் எங்கே நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து அலங்காரத்தைத் திட்டமிடுங்கள். 1963இல் லண்டனில் முடியலங்காரக் கலைஞர் விடால் சசூன், நடிகை நான்சி குவானின் நீண்ட கூந்தலைக் குட்டையாக வெட்டினார். புகைப்படக் கலைஞர் டெரன்ஸ் டோனவன் அதைப் படமெடுத்தார். பிடரியில் குட்டையாகத் தொடங்கி முகவாயை நோக்கி நீண்டு இறங்கும் அந்தக் கோடுதான் அந்த வெட்டின் உயிர். அதைச் சரியாகக் காட்டும் கோணத்தில் எடுத்த படம்தான் வெட்டை உலகம் முழுவதும் கொண்டுபோனது. உங்கள் மூன்று அலங்காரங்களுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதன் உயிர்க்கோடு எது, அது முகத்துக்கு நேராகத் தெரிகிறதா, பக்கவாட்டிலா, முதுகுப்பக்கத்திலா? பக்கவாட்டில் என்றால் மறுபக்கத்தை ஊசிகளால் இழுத்துக் கட்டினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பயிற்சி நிலையில் இருப்பவர்களுக்கு இதை ஏற்க மனம் வராது. மறைந்த பக்கத்தையும் மெருகேற்றிக்கொண்டே இருந்து, வெளிச்சம் போன பிறகு படப்பிடிப்புக்கு வந்து நிற்பார்கள்.

'காடு' என்ற கருப்பொருளைப் பற்றி என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். இது கருத்து மட்டுமே. காடு என்றவுடன் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இலைகளையும் கிளைகளையும் தலையில் சொருகுவது. அப்போது படத்தில் இலை தெரியும், உங்கள் கைத்திறன் தெரியாது. காட்டில் இருக்கும் ஏதேனும் ஒரு பொருளின் அமைப்பை முடியாலேயே செய்ய முடியுமா என்று பாருங்கள். ஆலமரத்து விழுது, மரப்பட்டையின் பிளவு, சுருண்டு விரியும் பெரணித் தளிர், இப்படி ஒன்றே ஒன்று. நம் வீட்டுத் திருமணங்களில் தென்னங்கீற்றைக் கீறி மடித்துத் தோரணம் பின்னுவார்களே, அந்த மடிப்பு முறையை அப்படியே தட்டையான முடிப்பட்டைகளில் செய்து பார்த்திருக்கிறேன். பட்டைகளைக் களிம்பு தடவி இஸ்திரித் தகட்டால் தேய்த்து நாடாபோல் ஆக்கிக்கொண்டால் அழகாக மடியும், ஒவ்வொரு மடிப்பு விளிம்பிலும் ஒளிக்கோடு விழும். மூன்று மாடல்களுக்கும் மூன்று வெவ்வேறு கற்பனைகள் வேண்டாம். ஒரே கற்பனையை ஒருவருக்கு அடக்கமாகவும், ஒருவருக்கு நடுத்தரமாகவும், ஒருவருக்குத் துணிச்சலாகவும் செய்யுங்கள். துணிச்சலானது தவறிப்போனாலும் மற்ற இரண்டும் கையில் இருக்கும்.

படங்களை ஒட்டிவைக்கும் மூட் போர்டில் மற்றக் கலைஞர்கள் செய்த முடியலங்காரப் படங்களை ஒட்டாதீர்கள், அல்லது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிப் படத்தைப் பார்த்து முடி செய்தால் நகல்தான் வரும், நகல் அசலைவிட ஒரு படி குறைவாகத்தான் வரும். வடிவம், மேற்பரப்பு, நிறம், ஒளி ஆகியவற்றைச் சொல்லும் படங்களை ஒட்டுங்கள். மரபிலிருந்து எடுக்க விரும்பினால் நமக்குப் பஞ்சமே இல்லை: சங்கப் பாடல்களில் மகளிர் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே பெயர், ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்த ஆண்டாள் கொண்டை இருக்கிறது, பினாங்கில் ஞோஞ்ஞா எனப்படும் மலாய்-சீனக் கலப்புப் பண்பாட்டு மகளிரின் உச்சிக் கொண்டையும் அதைச் சுற்றிக் குத்தும் ஊசிகளும் இருக்கின்றன. ஆனால் ஆண்டாள் கொண்டை தெய்வத்தோடு சேர்த்து வணங்கப்படுவது. அதை எடுத்தால் ஆடையும் நிற்கும் தோரணையும் அதற்கேற்ற மரியாதையோடு இருக்கட்டும்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடிய அறிவியல். ஈரமும் சூடும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தற்காலிகமாக உடைக்கின்றன. முடி காய்ந்து ஆறும்போது, அந்த நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் அவை மீண்டும் கட்டிக்கொள்கின்றன. சுருட்டுவதும் நேராக்குவதும் இந்த ஒரே தத்துவத்தில்தான் நடக்கின்றன. ஆகவே சூட்டுக்கோலிலிருந்து எடுத்த சுருளை உடனே உதறிவிடாதீர்கள். சுருட்டியபடியே உள்ளங்கையில் ஏந்தி, கிளிப் போட்டு, முழுவதும் ஆறும்வரை விடுங்கள். பயிற்சி பெறுபவர்களின் சுருள் அரை மணி நேரத்தில் தொங்கிப்போவதற்குச் சூடு போதாமை காரணமில்லை, ஆறவிடாததே பெரும்பாலும் காரணம். சூட்டை 180 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து மெல்லிய பகுதிகளாகப் பிரித்து வேலை செய்வது, 220 டிகிரியில் தடித்த பகுதியைப் பொசுக்குவதைவிட நல்லது. ஈரமான முடியில் சூட்டுக்கோலை வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளித்து முடித்தண்டையே துளைத்துவிடும். அது திரும்பிச் சரியாகாது, வெட்டித்தான் எறிய வேண்டும்.

அதே தத்துவத்தின் மறுபக்கம்தான் நம் ஊரின் தலைவலி. காற்றிலிருக்கும் ஈரம் அந்தப் பிணைப்புகளை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. கோலாலம்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நண்பகலில் அது இறங்கும், ஆனால் வெயில் 32, 33 டிகிரிக்கு ஏறி மாடலின் தலைமேட்டில் வியர்வை கொட்டும். குளிர்நாட்டுக் கலைஞர்களின் காணொளிகளைப் பார்த்துச் செய்யும் மென்மையான அலைகள் இங்கே வெளிப்புறத்தில் இருபது நிமிடம் நின்றாலே பெரிது. எனவே வெளிப்புறம் என்றால் பின்னல், முறுக்கு, மடிப்பு, இறுக்கிய கொண்டை போன்ற, பிணைப்பை நம்பாமல் கட்டமைப்பை நம்பி நிற்கும் வடிவங்களைத் தேர்ந்தெடுங்கள். தொங்கும் சுருளும் கண்ணாடிபோல் நேரான முடியும் வேண்டுமென்றால் குளிரூட்டிய அறைக்குள்ளேயே எடுங்கள். இயல்பிலேயே சுருட்டை முடியுள்ள மாடல் உங்களுக்குக் கிடைத்திருந்தால் அதை ஏன் நேராக்க வேண்டும்? ஈரக்காற்று அவருக்கு உதவியே செய்யும்.

நேரத்தையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு, ஏழரைக்குள் உதித்து மாலை ஏழு, ஏழரைக்குள் மறைகிறது. நடுப்பகலில் உச்சந்தலைக்கு மேலே நின்று கண்களைக் குழிகளாக்கிவிடும். காலை எட்டு முதல் பத்துவரை நல்ல ஒளி. மாலை ஒளியும் அழகுதான், ஆனால் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். ஒரே ஒரு நாளை வைத்திருப்பவர் மாலையை நம்பக் கூடாது. எட்டு மணிக்கு முதல் படம் என்றால் முடி வேலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதைப் பொம்மைத் தலையில் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்து, வரும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயிருள்ள தலை அசையும், பேசும், தண்ணீர் கேட்கும். மூன்று பேரையும் ஒரே காலையில் வெளியே எடுப்பது எட்டு மாதப் பயிற்சியுள்ள ஒருவரால் ஆகாது என்பது என் கணிப்பு. துணிச்சலான ஒன்றைக் காலை ஒளியில் வெளியிலும், மற்ற இரண்டையும் பகலில் சன்னல் ஒளியில் உள்ளேயும் எடுங்கள்.

இடம் மாறும்போது இன்னொன்று. உயரமான அலங்காரத்தைச் சலூனில் முடித்துவிட்டு மாடலைக் காரில் ஏற்றப்போகிறீர்கள் என்றால், அந்தக் கார் மைவி போன்ற சிறிய காராக இருந்தால், கூரை எங்கே முட்டும் என்பதை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். நான் ஒருமுறை மணப்பெண் தோழி ஒருவரைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து அழைத்துப்போயிருக்கிறேன். உயரமான பகுதியைத் தனியாகப் பொம்மைத் தலையில் கட்டி எடுத்துச்சென்று, இடத்தில் வைத்துப் பொருத்துவதே சரியான வழி. மாடலின் தலையில் அதற்கான அடித்தளத்தை மட்டும் முன்பே அமைத்துவிடுங்கள்: உச்சியில் சிறிய, தட்டையான பின்னல் வட்டம் ஒன்று, அதன் மீது ஊசிகளைப் பெருக்கல் குறிபோல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பூட்டுதல். ஊசி முடியில் தொங்கக் கூடாது, பின்னலைக் கடித்துப் பிடிக்க வேண்டும். உள்ளே நிரப்புவதற்குப் பஞ்சுப் பந்தைவிட, பழைய சவுரியை வலைத் துணியில் சுற்றிய உருண்டை நல்லது, நிறம் ஒத்துப்போகும். அதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கேமராவையும் குளிரூட்டிய காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் பனிமூட்டமாகிவிடும் என்பதை நண்பருக்கு நினைவூட்டுங்கள். கால் மணி நேரம் விட்டால் தெளிந்துவிடும்.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் 500 வெள்ளி இருந்தால் அதில் பாதிக்கு மேல் சேர்ப்பு முடிக்கே கொடுப்பேன். இயற்கை முடியில் செய்த சவுரியைச் சூட்டுக்கோலால் சுருட்டலாம், சாயமிடலாம், பிறகு கழுவி அடுத்த படப்பிடிப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். பின்னலுக்கென்று விற்கும் செயற்கை முடி மலிவு, கண்ணைப் பறிக்கும் நிறங்களிலும் கிடைக்கும். ஆனால் சாதாரண வகை சூட்டுக்கோல் பட்டால் உருகிப்போகும். அதைக் குச்சியில் சுற்றி வெந்நீரில் முக்கி, ஆறவிட்டுத்தான் சுருளாக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலங்காரத்தில் கலந்தால் செயற்கை இழையின் பளபளப்பு படத்தில் தனியாகக் காட்டிக்கொடுக்கும். அதன் மீது சிறிது உலர் ஷாம்பு தூவினால் பளபளப்பு மட்டுப்படும். மிச்சப் பணத்தில் நல்ல ஸ்ப்ரே ஒன்று, ஊசிகள், கொண்டை வலை, எல்லாருக்கும் சாப்பாடு. காலை ஐந்தரைக்கு வந்து உட்காரும் மாடலுக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுப்பது செலவுக் கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும்.

நிறத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். ஒரு படத்துக்காக, தானாக முன்வந்த ஒருவரின் கருமுடியை வெளுக்காதீர்கள். இயற்கையான கறுப்பைப் பச்சையோ வெளிர்நீலமோ ஏறும் அளவுக்கு வெளுக்கப் பெரும்பாலும் ஒரு முறை போதாது. அது மேற்பார்வையின்றிப் பயிற்சி பெறுபவர் செய்யும் வேலையும் அன்று. நிறம் வேண்டுமென்றால் சேர்ப்பு முடியில் கொண்டுவாருங்கள். தெளிப்பான் சாயங்கள் கருமுடியில் ஏறக்குறைய தெரியாது. நிறம் கலந்த முடிக்களிம்பு ஓரளவு தெரியும், ஆனால் வியர்வையோடு நெற்றியில் வழியும், வெள்ளைச் சட்டையைப் பாழாக்கும். எந்தச் சாயமானாலும் மாடலின் தோலில் படுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவிச் சோதித்துக்கொள்ளுங்கள். பசைகளுக்கும் இதே முறைதான்.

மாடல்களிடம் முந்திய நாளே சொல்ல வேண்டியவை சில. தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு வரக் கூடாது. எண்ணெய் இருந்தால் எந்த வடிவமும் பிடிக்காது. முந்திய இரவு இரண்டு முறை ஷாம்பு போட்டு, வேரில் கண்டிஷனர் படாமல் அலசி, முழுவதும் காயவைத்து வரச் சொல்லுங்கள். தலைவழியாகப் போடும் சட்டை அணிந்து வரவேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோடு வந்தால் ஆடை மாற்றும்போது உங்கள் மூன்று மணி நேர வேலை காப்பாற்றப்படும். படப்பிடிப்பு ஆடையின் கழுத்தையும் முன்பே பாருங்கள். உயர்ந்த காலர் பிடரியை மூடிவிட்டால் தாழ்ந்த கொண்டை எதற்கு? பெரிய தொங்கட்டான் காதில் ஆடினால் கண் அங்கேதான் போகும். மாடல்களில் ஒருவர் மலாய்ப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் துடோங் (முடியை மறைக்கும் தலைத்துணி) அணிபவராக இருந்தால், படத்தில் முடி தெரிவதற்கும் அந்தப் படம் பொதுவில் வெளிவருவதற்கும் அவருக்கு உண்மையிலேயே சம்மதம்தானா என்பதைத் தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள். தயங்கினால் உடனே வேறு ஆளைத் தேடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

படம் எடுக்கும் இடத்தில் நீங்கள்தான் வயதிலும் அனுபவத்திலும் சிறியவராக இருப்பீர்கள். அதனால் வாய் மூடி ஓரமாக நிற்கத் தோன்றும். நின்றால் மேலே சொன்ன எல்லாமே வீண். ஒரு தாளில் ஒவ்வொரு அலங்காரத்துக்கும் எடுக்க வேண்டிய கோணங்களைக் கிறுக்கலாகவாவது வரைந்து நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். விளக்கு அமைந்தவுடன் முதல் ஐந்து படங்களை எடுத்து, சிறு திரையில் இல்லாமல் மடிக்கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்விளக்கில் ஒவ்வோர் உதிரி முடியும் நெருப்பு இழைபோல் எரியும். பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்பார்கள், ஆனால் படம் திருத்துவதில் முடியைப்போல் நேரம் தின்னும் வேலை வேறில்லை. பழைய பல்துலக்கியில் ஸ்ப்ரே அடித்து அந்த இழைகளை அங்கேயே படியவையுங்கள். ஒவ்வொரு முறை மாடல் தலையைத் திருப்பிய பிறகும் "ஒரு நிமிடம், முடியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டால் பிறகு தயக்கம் இருக்காது. எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி, அகல் எதையேனும் படத்தில் வைக்க நினைத்தால் கைவிடுங்கள்: ஸ்ப்ரேயில் இருக்கும் சாராயமும் அதைத் தள்ளும் வாயுவும் எளிதில் தீப்பற்றும், ஸ்ப்ரே அடித்த தலைக்குப் பக்கத்தில் தீயை நான் அனுமதிப்பதே இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, சுவர் அழகாக இருப்பதாலேயே அது பொது இடமாகிவிடாது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்று எடுப்பதானாலும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்; பெரிய வணிக வளாகங்களிலும் அவற்றைச் சார்ந்த பூங்காக்களிலும் கேமரா முக்காலியை விரித்தவுடன் காவலர் வருவார். படங்களின் உரிமையைப் பற்றியும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவருக்குப் போவதாகச் சொல்கிறது. ஆனால் யாரும் யாருக்கும் பணம் கொடுக்காமல், ஆளுக்கு ஆள் உதவியாகச் சேர்ந்து எடுக்கும் உங்களைப்போன்ற படப்பிடிப்பில் யார் யாரைக் கேட்டுக்கொண்டார் என்பதே வழக்காகிவிடலாம். நான் வழக்கறிஞர் இல்லை. எனவே சட்டத்தை நம்பாமல் ஒரு பக்கக் கடிதத்தை நம்புகிறேன். யார் எங்கே படங்களைப் பயன்படுத்தலாம், எல்லாருடைய பெயரையும் எப்படிப் போட வேண்டும், விளம்பரத்துக்கு விற்கலாமா என்ற மூன்றையும் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டால் போதும். 18 வயது நிரம்பாத மாடல் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இந்தப் படங்கள் உங்களுக்கு வேலை வாங்கித் தருமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதி சொல்ல எதுவும் என்னிடம் இல்லை. நான் ஆள் எடுத்தபோது வண்ணமயமான படங்களைவிட, ஒரே அலங்காரம் முதல் முயற்சியிலிருந்து கடைசிப் படம்வரை எப்படி மாறியது என்று காட்டிய பயிற்சி மாணவரைத்தான் விரும்பியிருக்கிறேன். மற்ற உரிமையாளர்களும் அப்படியே பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும் பொம்மைத் தலைச் சோதனைகள், எடுத்துக்கொண்ட நேரம், பயன்படுத்திய பொருள்கள், தவறியவை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். திறன் சான்றிதழுக்குப் படிக்கிறீர்கள் என்றால் பயிற்றுநர் எந்த வடிவில் கேட்கிறார் என்று விசாரித்து, அதற்கேற்ப எழுதினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: அலங்காரத்தைப் பிரிப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். படம் முடிந்தவுடன் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள்; மாடல் மட்டும் ஸ்ப்ரே காய்ந்து கட்டையான தலையோடு எல்ஆர்டி ரயிலில் வீடு திரும்பக் கூடாது. ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உலர்ந்த முடியில் சீப்பைப் போடாமல், கண்டிஷனர் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, ஊசிகளைக் குத்திய வழியிலேயே வெளியே உருவி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். குத்தும்போது எத்தனை ஊசி என்று எண்ணிக் கையிலோ தாளிலோ எழுதிவைத்திருங்கள். 64 குத்தியிருந்தால் 64ம் கிண்ணத்துக்குத் திரும்பிய பிறகே மாடலை எழுந்திருக்க விடுங்கள்; என்னுடைய 64ஆவது ஊசி ஒருமுறை, மறுநாள் காலை ஒரு பெண்ணின் தலையணையில் கிடைத்தது.